'யார்ர மகன்?' என்று தொடங்காத நேர்முகப் பரீட்சை

கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கோ தனியார் வைத்தியசாலைக்கோ ஆள் எடுக்கும்போது, விண்ணப்பதாரி கதிரையில் அமர்ந்ததும் வருகிற முதல் கேள்வி பெரும்பாலும் வேலையைப் பற்றியதாக இருக்காது. "தம்பி, நீங்க யார்ர மகன்?" என்பதாகவே இருக்கும். அதற்குப் பதில் கிடைத்ததும் "ஊர் எந்தப் பக்கம்?", அதற்கடுத்து "அங்க இன்னாரத் தெரியுமா?" என்று பேச்சுப் போகும். கேட்பவர் மனதில் கள்ளம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. இந்தக் கரையில் மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே அப்படித்தான். தாய்வழி வரும் குடி இங்கே முஸ்லிம்களுக்கும் உண்டு, தமிழர்களுக்கும் உண்டு. பள்ளிவாசலில் மரைக்காயரும் கோயிலில் வண்ணக்கரும் குடிவழி தெரிவாகி வந்த பிரதேசம் இது. ஆள் யாரென்று விசாரிக்காமல் கதையைத் தொடங்குவது மரியாதைக் குறைவாகக்கூடத் தோன்றும். ஆனால் அந்த மூன்று கேள்விகளுக்குள் விண்ணப்பதாரியின் சமூகம், ஊர், குடும்பத்தின் வசதி, சில வேளை கட்சி அரசியலும்கூட மேசைக்கு வந்துவிடுகின்றன. மிச்ச நேரம் முழுவதும், முதல் இரண்டு நிமிடத்தில் உருவான அபிப்பிராயத்துக்குச் சாட்சி தேடும் நேரமாகிவிடுகிறது. பல சமூகத்தவர் வந்து அமரும் நேர்முகப் பரீட்சையில் நியாயத்தைக் கேட்பவரின் நல்ல மனதிடம் ஒப்படைக்க முடியாது, கதவு திறக்கும் முன்னரே எதை முடிவுசெய்து எழுதிவைத்தோம் என்பதில்தான் அது தங்கியிருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

பல சமூகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 சதவீதம், சிங்களவர் 39 சதவீதத்துக்குக் கிட்ட, தமிழர் 17 சதவீதம். பெரியநீலாவணையிலிருந்து பிரதான வீதி வழியே தெற்கே வந்தால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. மேற்கே உள்ள அம்பாறை நகரும் உகணையும் சிங்களப் பிரதேசங்கள். ஒலுவிலில் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு வருடமே முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூவினத்து மாணவரும் படித்து வெளியேறுகிறார்கள். ஆகவே இங்கு ஒரு நிறுவனம் பத்திரிகையில் விளம்பரம் போட்டால் மூன்று சமூகத்திலிருந்தும் விண்ணப்பம் வரும். அதோடு முடிந்துவிடுவதில்லை. ஒரே மதத்துக்குள், ஒரே மொழிக்குள் இருக்கும் பிரிவுகள் சில வேளை வெளிப் பிரிவுகளைவிடக் கூர்மையானவை. சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை அறிவிக்கும் வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வெளியாகிச் சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. அந்தக் காலத்தில் விண்ணப்பப் படிவத்தில் 'சாய்ந்தமருது' என்ற முகவரி என்ன கனம் பெற்றிருக்கும் என்பதை இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தில் 2019இல் உண்ணாவிரதம் நடந்தபோது 'கல்முனை' என்ற முகவரிக்கும் அதே கதிதான். எந்தப் பள்ளியில் தொழுகிறார் என்ற சாதாரண விசாரிப்பு ஒருவர் தரீக்காவா, தவ்ஹீதா, தப்லீக்கா என்று காட்டிக்கொடுத்துவிடும். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் பெண்ணும் தம்பிலுவில் பேச்சுப் பேசும் பெண்ணும் ஒரே கதிரையில் அடுத்தடுத்து அமர்ந்தால், பேச்சின் ஓசையே முதல் புள்ளியைப் போட்டுவிடுகிறது.

இதனால்தான் வெளிநாட்டு முகாமைத்துவ நூல்கள் தரும் 'கலாசாரப் பட்டியல்' இங்கே உதவாது. ஆசியர் நேராகக் கண்ணைப் பார்க்கமாட்டார், முஸ்லிம் பெண் கைகொடுக்கமாட்டாள், இன்ன நாட்டார் தன்னைப் பற்றிப் பெருமை பேசமாட்டார் என்று மனப்பாடம் செய்துகொண்டு போகும் கேட்பவர், பழைய முன்முடிவை எடுத்துவிட்டுப் புதிய முன்முடிவைப் போட்டுக்கொண்டு போகிறார். கைகொடுக்கிற முஸ்லிம் பெண்ணும் உண்டு, கைகொடுக்காத இந்து ஆணும் உண்டு. வந்திருப்பவர் ஒரு சமூகத்தின் மாதிரி என்று நினைத்த கணத்திலேயே அவருடைய தனித் திறமை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

பெயரை மறைத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். பெயர் செய்கிற வேலை கொஞ்சமல்ல என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் போல் அட்டவெலும் இந்தியத் தனியார் துறை விளம்பரங்களுக்கு ஒரே தகைமையுள்ள, பெயர் மட்டும் வேறுபட்ட விண்ணப்பங்களை அனுப்பி 2007இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிடும்போது தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்திய விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ஆகவே பெயரை மறைப்பது வீண் வேலையல்ல. ஆனால் நம் பகுதியில் அது பாதி வழிதான் கொண்டுபோகும். இலங்கையில் பாடசாலைகளே சமூகவாரியாகப் பிரிந்திருக்கின்றன. மஹ்மூத் மகளிர் கல்லூரி, ஸாஹிரா, அல்-மனார் என்று எழுதியிருந்தால் ஒரு முடிவு. கார்மேல் பற்றிமா, வெஸ்லி என்றிருந்தால் இன்னொரு முடிவு. பெயரைக் கறுப்பு மையால் அழித்தாலும் பாடசாலையும் முகவரியும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் கதையைச் சொல்லிவிடும். முதற்கட்டத் தெரிவில் இவை எல்லாவற்றையும் நீக்கி, தகைமையும் அனுபவமும் மட்டும் உள்ள ஒரு தாளை அலுவலக எழுதுவினைஞர் தயாரித்துக் கொடுக்கலாம். அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் நேர்முகத்துக்கு ஆள் வந்தபின் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே நேர்முகத்தையே திருத்த வேண்டியிருக்கிறது.

"இருபது வருஷமா ஆள் எடுக்கிறேன், கதவால உள்ள வரும்போதே தெரியும்" என்பது இதற்கு எதிராக அடிக்கடி வரும் பதில். அனுபவத்தை இகழ வேண்டியதில்லை. ஆனால் அந்த அனுபவத்துக்கு ஓர் ஓட்டை இருக்கிறது: நிராகரித்த ஆள் எப்படி வேலை செய்திருப்பார் என்பது நிராகரித்தவருக்கு ஒருபோதும் தெரியவராது. எடுத்தவர்களில் நன்றாக வந்தவர்களை மட்டுமே ஞாபகம் வைத்திருக்கிறோம். இந்த ஓட்டையைத் தற்செயலாக அடைத்துக் காட்டிய ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டனிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 1979இல் சுமார் 800 பேரை நேர்முகம் செய்து, வரிசைப்படுத்தி, மேலே இருந்தவர்களிலிருந்து 150 மாணவரை எடுத்தது. பிறகு மாநில சட்டசபை இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. அதற்குள் நல்ல இடத்தில் இருந்தவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டதால், வரிசையின் அடியில், 700க்குப் பின் இருந்தவர்களிலிருந்துதான் எடுக்க முடிந்தது. யார் முதலில் தெரிவானவர், யார் கடைசியில் வந்தவர் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லப்படவில்லை. படிப்பு முடிந்து பார்த்தபோது, பட்டம் பெற்றதிலும் சரி, வைத்தியசாலைப் பயிற்சியிலும் சரி, இரு பகுதிக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. வரிசையின் தலையையும் வாலையும் பிரித்ததில் பெரும்பங்கு நேர்முகத்தில் கிடைத்த மதிப்பீட்டுக்குத்தான். அந்த மதிப்பீடு பிற்காலத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

2013இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிடச் சங்கடமானது. ஜேசன் டானாவும் கூட்டாளிகளும் நடத்திய அந்தச் சோதனையில், நேர்முகம் கொடுத்த சிலர், கேள்வி எதுவானாலும் ஒரு தற்செயல் விதிப்படி ஆம், இல்லை என்று பதில் சொன்னார்கள். கேட்டவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆளை நன்றாகப் புரிந்துகொண்டதாகவே சொன்னார்கள். மனித மனம் எந்தப் பதிலிலிருந்தும் ஒரு முழு மனிதனைக் கட்டிவிடும். அந்தக் கட்டுமானத்துக்குக் கல் எங்கிருந்து வருகிறது? ஏற்கெனவே நம்மிடம் உள்ள சமூகக் கதைகளிலிருந்துதான். அறுவடைக் காலத்தில் நெல் வாங்கும் வியாபாரி ஒரு மணியைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்வார். பல நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போகக்கூடாது என்றால் கருவியை வைத்துத்தான் அளக்கிறது. ஏனென்றால் கடித்துப் பார்ப்பவர் யாருடைய நெல் என்று தெரிந்துகொண்டே கடிக்கிறார். நேர்முகத்துக்கும் அப்படியொரு கருவி இருக்கிறது. எல்லோரிடமும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே எழுதிய புள்ளித் திட்டம் என்று நடத்தப்படும் நேர்முகத்துக்கும் பிற்கால வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42, மனம்போன போக்கில் பேசும் நேர்முகத்துக்கு 0.19. போல் சக்கெட் முதலானோர் பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் கண்ட கணக்கு இது. 0.42 ஒன்றும் அற்புதமான எண் அல்ல. ஆனாலும் இரண்டு மடங்குக்கு மேல்.

இனிச் செய்முறை. ஒரு ஹார்ட்வெயார் கடைக்குக் காசாளரும் வாடிக்கையாளர் பொறுப்பும் சேர்ந்த ஒரு வேலைக்கு ஆள் தேவை என்று வைத்துக்கொள்வோம். முதலில், விளம்பரம் போடும் முன்பே, அந்த வேலையில் இப்போது இருப்பவர் ஒரு நாளில் உண்மையில் என்ன செய்கிறார் என்று ஒரு தாளில் எழுத வேண்டும்: பில் போடுகிறார், கடன் கொப்பியில் பதிகிறார், மாலையில் காசை எண்ணிச் சரிபார்க்கிறார், கோபத்தோடு வரும் ஆளைச் சமாளிக்கிறார், கொழும்பு மொத்த வியாபாரியோடு தொலைபேசியில் சிங்களத்தில் இரண்டு வசனம் பேசுகிறார். 'நல்ல தோற்றம்', 'நம்ம கடைக்குப் பொருந்துகிற ஆள்' என்பவை இந்தத் தாளில் எழும்பாது. எழும்பாததை நேர்முகத்தில் அளக்கக் கூடாது. 'பொருந்துகிற ஆள்' என்ற சொற்றொடர்தான் பாரபட்சத்துக்கு மிக வசதியான இருக்கை. அதைச் சொல்பவரிடம், எந்த வேலையில் பொருந்தவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

பிறகு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி. உதாரணமாக: "ஒருவர் மூன்று நாளைக்கு முன் வாங்கிய தண்ணீர்ப் பம்பைக் கொண்டுவந்து, வேலை செய்யவில்லை, காசைத் திருப்பித் தா என்கிறார். கையில் பில் இல்லை. முதலாளி கடையில் இல்லை. என்ன செய்வீர்கள்?" இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் எத்தனை புள்ளி என்பதை நேர்முகத்துக்கு முதல் நாளே எழுதிவிட வேண்டும். காசைக் கொடுத்து அனுப்பிவிடுவேன், அல்லது பில் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிடுவேன் என்றால் 1. முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்லிக் கேட்பேன் என்றால் 3. ஆளை உட்காரவைத்து, பம்பைப் போட்டுப் பார்த்து, விற்பனைப் பதிவில் அந்தத் திகதியைத் தேடி, பிறகு முதலாளியிடம் விவரம் சொல்லி முடிவெடுப்பேன் என்றால் 5. பதில் எந்த ஊர்ப் பேச்சில் வந்தாலும், தடுமாறி வந்தாலும், கீழே பார்த்துக்கொண்டு வந்தாலும், உள்ளடக்கம் அந்த ஏணியில் எந்தப் படியில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இதோடு ஒரு சிறு செயல்முறைச் சோதனையும் வேண்டும். பத்துப் பில்களைக் கொடுத்து, இரண்டில் கூட்டல் பிழை வைத்து, பத்து நிமிடம் விட்டால் போதும். நாற்பது நிமிடப் பேச்சில் தெரியாதது அந்தப் பத்து நிமிடத்தில் தெரியும்.

மூன்று பேர் குழுவாக இருந்தால், விண்ணப்பதாரி எழுந்து போனதும் யாரும் வாய் திறக்கும் முன் ஒவ்வொருவரும் தனித்தனியே புள்ளி போட்டுக் கையெழுத்திட்டு விட வேண்டும். மூத்தவர் முதலில் "பரவாயில்ல, நல்ல புள்ள" என்று சொல்லிவிட்டால், மற்ற இருவரின் பேனாவும் அந்தப் பக்கமே சாயும். நம்மிடையே வயதுக்கும் பதவிக்கும் கொடுக்கும் மரியாதை அத்தகையது. அதை மாற்றச் சொல்லவில்லை. புள்ளி போடும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் அதற்கு வெளியே நிற்க ஓர் ஏற்பாடு வேண்டும். குழுவில் ஒரு முஸ்லிம், ஒரு தமிழர், ஒரு சிங்களவர் இருந்துவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நம்புவோரும் உண்டு. கலந்த குழு நல்லதுதான். ஒருவர் தவறாக வாசிக்கும் நடத்தையை இன்னொருவர் திருத்துவார். ஆனால் புள்ளித் திட்டம் இல்லாத கலந்த குழுவில், மூவரும் தத்தம் ஆளுக்கு வக்கீலாகிவிடுவார்கள். பிறகு 'இந்த முறை உங்களுக்கு, அடுத்த முறை எங்களுக்கு' என்ற பங்கீடு வரும். அதில் திறமையுள்ளவர் எந்தச் சமூகத்தவராயினும் நட்டமடைவார்.

நடத்தையை வாசிப்பதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். கண்ணைப் பார்க்காமல் பேசுவதைப் பொய் சொல்வதாகவோ தைரியமின்மையாகவோ எடுப்பது ஒன்று. வயதில் மூத்தவர் முன்னும், அந்நிய ஆண்கள் முன்னும் பார்வையைத் தாழ்த்துவது மரியாதை என்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, இந்த வாசிப்பு நேரே புள்ளிக் குறைப்பு. இரண்டாவது, தன்னைத்தானே மெச்சிப் பேசாமை. "உங்கள் பலங்கள் என்ன?" என்ற கேள்வி கொழும்புப் பயிற்சி வகுப்புகளில் படித்தவருக்குச் சாதகமானது. பெருமை பேசுவதைக் குற்றமாக நினைக்கும் வீட்டிலிருந்து வந்தவர் அதற்கு "எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம்" என்பார். அவரிடம் "அதில் உங்கட பங்கு என்ன, நீங்க எதைச் செய்தீங்க?" என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும், எல்லோரிடமும் கேட்க வேண்டும். மூன்றாவது, கைகுலுக்கல். குழு யாருக்கும் கை நீட்டாமல், நெஞ்சில் கை வைத்தோ தலையசைத்தோ வரவேற்று எல்லோரையும் ஒரே மாதிரி அமரச் சொன்னால், இந்தப் பிரச்சினை எழவே எழாது.

உடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கிழக்கு மாகாணத்தில் அது ஏற்கெனவே தெருவுக்கும் நீதிமன்றத்துக்கும் போன விடயம். 2018இல் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததற்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தது, ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு மாற்றப்பட்டார்கள், விடயம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போனது, ஆணைக்குழு ஆசிரியைகளின் உரிமைக்குச் சார்பாகப் பரிந்துரைத்தது. அடுத்த வருடம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின், அரச அலுவலகங்களில் பெண்கள் சாரி அல்லது ஒசரி அணிய வேண்டும் என்று பொது நிர்வாக அமைச்சு 13/2019 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டு, கடும் ஆட்சேபனைக்குப் பின் அதைத் திருத்த நேர்ந்தது. இரண்டு சந்தர்ப்பத்திலும் அந்தப் பெண்கள் பாடம் நடத்தியதில் குறை, கோப்பு எழுதியதில் பிழை என்று யாரும் சொல்லவில்லை. நேர்முகக் குழு எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான். வெல்டிங் பட்டறையில் தளர்ந்த உடை ஆபத்து, சத்திரசிகிச்சைக் கூடத்தில் கிருமிநீக்கிய உடை கட்டாயம். இவற்றை விளம்பரத்திலேயே எழுதலாம், எல்லோருக்கும் பொருத்தலாம். பொட்டு, தாடி, தொப்பி, ஹிஜாப், வேட்டி, கையில் கட்டிய நூல் ஆகியவற்றுக்குப் புள்ளித் தாளில் இடமில்லை. எதிர்த்திசையிலும் இது பொருந்தும்: கல்முனை பஸாரில் ஒரு முஸ்லிம் முதலாளி, வேலைக்கு வந்த தமிழ்ப் பெண்ணிடம் தலையை மூட முடியுமா என்று கேட்பதும் அதே தவறுதான்.

மொழி இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் மொழி பல வேலைகளுக்கு உண்மையாகவே தேவை. சிங்களம் தெரிய வேண்டிய வேலை என்றால் சிங்களத்தைச் சோதிக்கலாம். ஆனால் எவ்வளவு என்பதை முன்பே முடிவுசெய்ய வேண்டும். தொலைபேசியில் ஓடர் கொடுக்கத் தேவையான சிங்களமும் அறிக்கை எழுதத் தேவையான சிங்களமும் வேறு. ஆங்கிலத்தின் கதை இன்னும் மோசம். 2004 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதன்பின் வந்த சர்வதேச நிறுவனங்களில் களவேலைக்குக்கூட ஆங்கிலப் பேச்சு வாசற்படியாக இருந்தது. கூடாரங்களில் தமிழ் மட்டும் பேசிய மக்களோடு பேச வேண்டிய ஆளை ஆங்கிலத்தில் அளப்பது, தவறான இடத்தில் வைத்த தவறான அளவு. வேலை எந்த மொழியில் நடக்குமோ அந்த மொழியில் நேர்முகம் நடக்க வேண்டும். உகணையிலிருந்து வந்த சிங்கள இளைஞருக்குச் சிங்களத்தில் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க முடியுமானால் கொடுக்க வேண்டும், அதை அழைப்புக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். பேச்சு வழக்கு, உச்சரிப்பு இரண்டுக்கும் புள்ளி கிடையாது.

நேரம் குறிப்பதிலும் சிறு புத்தி போதும்: வெள்ளிக்கிழமை நண்பகல், நோன்பு மாதத்தின் பிற்பகல், போயா, தைப்பொங்கல், திருவிழாக் காலம் தவிர்க்கலாம். தவிர்க்க முடியாவிட்டால், மாற்று நேரம் கேட்கலாம் என்ற ஒரு வரி கடிதத்தில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இனி, இந்த முறைக்கு எதிரான வலுவான வாதத்துக்கு வருவோம். சின்ன ஊர், சின்ன வியாபாரம். கல்லாப்பெட்டியில் கை வைக்கப்போகும் ஆளின் குடும்பம் தெரியாமல் எப்படி எடுப்பது? களவு போனால் பொலிஸுக்குப் போவதைவிட வாப்பாவிடம் போவது வேகமான நிவாரணம். இது முட்டாள்தனமான வாதமல்ல. ஒப்பந்தச் சட்டம் பலவீனமாக உள்ள இடத்தில் உறவே பிணை. ஆனால் இந்தப் பிணை யாருக்குச் செல்லும்? முதலாளியின் வலைக்குள் உறவு உள்ளவருக்கு மட்டும். காரைதீவிலிருந்து கல்முனைக்குடிக் கடைக்கு வரும் பெண்ணுக்கோ, நிந்தவூரிலிருந்து திருக்கோவில் அலுவலகத்துக்குப் போகும் இளைஞனுக்கோ அப்படிப் பிணை நிற்க ஆள் இல்லை. அவர்கள் நேர்மையற்றவர்கள் என்பதற்காக அல்ல, வலைக்கு வெளியே இருப்பதால். நம்பிக்கையைத் தேட வேறு வழி இருக்கிறது. முன்பு வேலை செய்த இருவரின் தொடர்பை எல்லோரிடமும் கேளுங்கள், எல்லோருக்கும் ஒரே நான்கு கேள்வியோடு பேசுங்கள்: நேரத்துக்கு வந்தாரா, காசுக் கணக்கில் பிழை வந்ததா, ஏன் விலகினார், மீண்டும் எடுப்பீர்களா? மூன்று மாதத் தகுதிகாண் காலம் வையுங்கள், மாலையில் காசை இருவர் எண்ணும் ஏற்பாடு செய்யுங்கள். தெரிந்த குடும்பத்துப் பிள்ளையும் காசு எடுத்த கதைகள் இந்தக் கரையில் குறைவா என்ன? இரட்டைக் கணக்கு இருந்தால் இரு வகையாரிடமிருந்தும் கடை தப்பும்.

இன்னொரு ஆட்சேபம், இப்படி எழுதிவைத்துக் கேட்டால் நேர்முகம் பொலிஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும், வந்தவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து நாலு வார்த்தை பேசும் நம் வழக்கம் போய்விடும் என்பது. தேத்தண்ணியைக் கொடுங்கள். நாலு வார்த்தையும் பேசுங்கள், மழை, வீதி, பஸ் எல்லாம் பேசலாம். வரவேற்கும் ஆள் வேறாகவும் புள்ளி போடும் ஆள் வேறாகவும் இருந்தால் இன்னும் நல்லது. குடும்பக் கதையைத்தான் நியமனக் கடிதம் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்கிறது இந்த முறை.

பெண் விண்ணப்பதாரிகளிடம் குடும்பக் கதை வேறொரு வடிவம் எடுக்கிறது: "கலியாணம் முடிச்சிட்டீங்களா? மாப்பிள்ளை விடுவாரா? புள்ளைகள ஆரு பாப்பாங்க?" இலங்கையில் வேலைச் சந்தைக்குள் வரும் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே. அந்த ஒருவரையும் இந்த வாசலில் திருப்பி அனுப்புவது யாருக்கும் இலாபமல்ல. கேட்பவர் அறிய விரும்புவது நேரம் கிடைக்குமா என்பது. அதை நேராகக் கேட்கலாம்: "வேலை காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வர வேண்டும், வருடக் கடைசியில் கணக்கெடுப்புக்கு இரண்டு நாள் பிந்தும். இது உங்களுக்கு முடியுமா?" இதே கேள்வியை ஆண்களிடமும் கேட்க வேண்டும். முடியும் என்று அவள் சொன்னால் அதை ஏற்க வேண்டும். ஏற்பாடு அவளுடைய பொறுப்பு. பெண்கள் உள்ளாடை விற்கும் கடைக்குப் பெண்தான் தேவை என்பது நியாயமான நிபந்தனை, விளம்பரத்திலேயே போடலாம். 'வாடிக்கையாளர் நம்ம ஆக்களத்தான் விரும்புவாங்க' என்பது நிபந்தனை ஆகாது. அது முதலாளியின் ஊகம், அல்லது முதலாளியின் விருப்பத்துக்கு வாடிக்கையாளரின் பெயர்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறந்த இடம் ஆகியவற்றால் பாரபட்சம் கூடாது என்கிறது. மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் அது அரச செயற்பாட்டுக்கு எதிராகத்தான். தனியார் கடையோ கம்பனியோ இப்படிச் செய்தால் விண்ணப்பதாரிக்கு நேரடியான சட்டவழி மிகக் குறைவு, வேலைவாய்ப்பில் பாரபட்சத்துக்கு எதிரான 111ஆம் இலக்க சர்வதேச தொழில் சமவாயத்தை இலங்கை 1998இலேயே ஏற்றிருந்தும்கூட. ஆகவே தனியார் துறையில் இது பெரும்பாலும் முதலாளியின் கையில் உள்ள விடயம். அரச நிறுவனங்களில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தன் புள்ளித் தாளை ஒருவர் கேட்கலாம். கேட்டால் காட்டக்கூடிய தாளாக அது இருக்கிறதா என்பதை நேர்முகம் முடிந்த அன்றே குழு பார்த்துக்கொள்வது புத்தி.

கடைசியாக, தொலைபேசி அழைப்பு. நேர்முகத்துக்கு முதல் நாள் இரவு ஒரு மாநகரசபை முன்னாள் உறுப்பினரோ, பள்ளிவாசல் நிர்வாகியோ, கோயில் தலைவரோ, விகாராதிபதியோ எடுப்பார். "நம்ம புள்ள ஒண்டு வருது, கொஞ்சம் பாருங்க." முகத்தை முறிப்பது இந்த ஊரில் பெரிய விலை. அதற்குச் சரியான பதிலை முன்பே வைத்திருக்கலாம்: "காக்கா, கேள்வியும் புள்ளியும் எழுதி மூடிய உறையில் இருக்கு, மூணு பேர் தனித்தனியாப் போடுறாங்க, என் கையில இல்ல. அவரை நல்லாத் தயாராகி வரச் சொல்லுங்க." இது சாக்குப்போக்காக இருக்கக் கூடாது, உண்மையிலேயே உறை மூடியிருக்க வேண்டும், உண்மையிலேயே மூவர் தனித்தனியே போட வேண்டும். அழைப்பு வந்ததையும் யாருக்காக என்பதையும் ஒரு வரியில் கோப்பில் பதிந்து, மற்ற இரு உறுப்பினருக்கும் புள்ளித் தாள்கள் கையெழுத்தானபின் சொல்ல வேண்டும். முன்பே சொன்னால் சிலர் அந்தப் பிள்ளைக்குக் கூட்டியும், சிலர் வேண்டுமென்றே குறைத்தும் போடுவார்கள். இரண்டும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். தெரிவாகாதவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் கடிதமோ குறுஞ்செய்தியோ போக வேண்டும். காரணம் கேட்டு வருபவருக்கு, எந்தக் கேள்வியில் எத்தனை புள்ளி என்று தாளைத் திறந்து காட்டலாம். தாள்களை இரண்டு வருடம் வைத்திருந்து, எடுத்தவரின் வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தக் கேள்வி ஆளைச் சரியாகக் காட்டியது, எந்தக் கேள்வி வெறும் பேச்சுத் திறனை அளந்தது என்று தெரியவரும். இரண்டாவது வகையை அடுத்த ஆட்சேர்ப்பில் எடுத்துவிடலாம்.